மாமாவின் நாலு கோல்

மாமா கால்பந்தை விட்டுவிட்டு ஊர் திரும்பியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவின் தம்பி அவர். பத்தொன்பது வயதில் செங்கல்பட்டில் ரயிலேறிப் போனவர், கொல்கத்தா, கோவா, கேரளா என்று சம்பளத்துக்கு ஆடிவிட்டு, முப்பத்து மூன்று வயதில் முழங்காலில் தையல் தழும்போடு வந்து இறங்கினார். நடுக்கள ஆட்டக்காரர். டிவியில் அவரைக் கண்டுபிடிப்பது சிரமம். யாராவது கோல் போட்டால் கேமரா போட்டவரைத் துரத்திக்கொண்டு ஓடும். ஓரத்தில் மாமாவின் முதுகு தெரிந்தாலே அம்மா எழுந்து நின்று கைதட்டுவாள்.

எனக்கு அது போதவில்லை. வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டுவிட்டாள்: "உங்க மாமா மொத்தம் எத்தினி கோல் போட்டுகீறாரு?"

சாயங்காலம் மாமாவிடமே கேட்டேன். முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவர் சற்று யோசித்தார்.

"நாலு."

"பதினாலு வருஷத்துக்கா?"

"ஆமா. இன்னா இப்போ?"

மறுநாள் நாற்பது என்று சொன்னேன். ஒரு பூஜ்யம்தானே என்று நினைத்தேன். அது வகுப்பு வகுப்பாகப் பரவி, தலைமையாசிரியையின் காதுக்கும் போய், மாமா விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஆகிவிட்டார். "நாற்பது கோல் அடித்த நம்ம ஊர் வீரர்" என்று தலைமையாசிரியை மைக்கில் சொன்னபோது, முன்வரிசையில் நான் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மாமா மைக்கை வாங்கினார். "நாப்பது இல்ல மேடம், நாலுதான். பாப்பா கேட்டப்போ வாயில சோத்த வச்சிகினு சொன்னேன். அதுக்கு சரியா காதுல வுழல."

மைதானமே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் மட்டும் அழுதேன்.

நிலைமையைச் சமாளிக்க, பி.டி. சார் ஒரு ஆட்டம் வைத்தார். ஒரு பக்கம் எட்டாம் வகுப்புப் பையன்கள். மறுபக்கம் மாமாவும் எங்கள் வகுப்புப் பெண்கள் ஏழு பேரும். அதற்கு முன் நாங்கள் யாரும் பந்தைக் காலால் தொட்டதில்லை. மாமா ஓடவே இல்லை. நடுவில் லேசாக நொண்டிக்கொண்டு நடந்தார்.

"அந்தப் பக்கம் போ கண்ணு. இன்னும் போ. அங்கியே நில்லு."

நின்றேன். பையன்கள் எல்லாரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். எப்படியோ பந்து அவர்களுக்கிடையில் புகுந்து மெதுவாக உருண்டு என் காலடிக்கு வந்தது. எனக்கும் கோலுக்கும் நடுவில் ஒருவரும் இல்லை. உதைத்தேன். கோல்! அடுத்தது கேள்வி கேட்டவள் போட்டாள். எந்த விளையாட்டிலும் யாரும் சேர்த்துக்கொள்ளாத, கனத்த கண்ணாடிக்காரி மூன்றாவதைப் போட்டுவிட்டு நம்ப முடியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா ஒன்றுகூடப் போடவில்லை.

ஜெயித்தோம். தலைமையாசிரியை மாமாவை ஓரமாக அழைத்து, பள்ளியிலேயே பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார். மூன்று மாதமாக மறைமலைநகர் கம்பெனிகளுக்கெல்லாம் மனு போட்டுக்கொண்டிருந்தவர் அவர். உடனே சரியென்று தலையாட்டினார்.

கொளவாய் ஏரி ஓரமாக வண்டியில் திரும்பும்போது, பின்னால் உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன். "அடுத்த தபா பந்த எங்ககிட்ட குடுத்துடாத மாமா. நீயே அடி. அப்பதான் உனக்கும் கோல் வரும்."

"சரி கண்ணு, இனிமே பாக்கறேன்" என்றார் மாமா, ரொம்பப் பணிவாக.

பாவம், இத்தனை வருஷத்தில் இதை அவருக்கு யாருமே சொல்லித்தரவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை வருத்தப்பட்டுக்கொண்டே வந்தேன்.