எந்த நாடும் இல்லாமல் போயிருப்பேன்

நான் மலேசியாவில் பிறந்தவள். பூந்தமல்லிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு எட்டு வருடங்களாக இங்கேதான் இருக்கிறேன். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தேன். விதிகள் மாறிக்கொண்டே இருந்ததால், தினமும் நாலு தடவை செல்போனில் நிலவரம் பார்ப்பேன். 'பரிசீலனையில்' என்றே இருக்கும். சோறு இறங்காது.

விண்ணப்பத்தை ஏற்றிக் கொடுத்த கரையான்சாவடி கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஒருநாள், "ரூல் மாறிடுச்சிக்கா. அந்த நாட்டுக் குடியுரிமைய மொதல்ல வுட்டுட்டா இங்க சீக்கிரம் குடுத்துருவாங்க. இன்னும் இன்னா யோசிச்சினு கீறீங்க?" என்றார்.

மறுநாளே கணவரோடு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்துக்கு ஓடினேன். படிவத்தில் கையெழுத்துப் போடப் போனபோது கவுன்ட்டரில் இருந்த அம்மா கேட்டார்: "இந்தியா உங்கள ஏத்துக்கிட்ட கடிதம் எங்கம்மா?"

"இன்னும் வரலைங்க."

"அது வராம இதை விட்டுட்டா, உங்களுக்கு எந்த நாடும் இருக்காதே!"

பேனாவை வைத்துவிட்டேன். "வா, ஊட்டுக்குப் போலாம்" என்றார் கணவர்.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். இப்போது இந்தியக் குடியுரிமைச் சான்றிதழும் கைக்கு வந்துவிட்டது. ஆனாலும், யாராவது "ரூல் மாறிடுச்சு" என்றால், அரசு இணையதளத்தில் அதை நானே வாசிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பூந்தமல்லி