நெட்டை லென்ஸில் தெரிந்த கான்

பதுளை ரோட்டில் மண் விழுந்து ஒரு வாரம் பஸ் இல்லாமல் கிடந்தோமே, அதற்கு அடுத்த மாசம் இது நடந்தது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். நான் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

மழை விட்டு மூன்று நாள் இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு எதிர்மலையில், ரோட்டோரம் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். நல்ல மாடு, இப்போது இல்லை. பண்டாரவளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் தம்பி அங்கே மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பை நிறைய லென்ஸ்.

"ஒன்னு பத்தாதா தம்பி? மூட்டையா தூக்கிட்டு அலையுறீங்க" என்றேன்.

"வந்து பாருங்கய்யா. இந்தக் குட்டை லென்ஸு மலை மொத்தத்தையும் காட்டும். இந்த நெட்டை, தூரத்துல உள்ளத கிட்ட இழுக்கும். எது நல்லதுன்னு கேட்டா சொல்ல ஏலாது. என்ன பாக்கணுமோ அதுக்குத் தக்கன மாட்டணும்."

குட்டையில் பார்த்தேன். தேயிலை, லயம், கோயில் எல்லாம் காலண்டர் படம் மாதிரி இருந்தது. நெட்டையில் மருமகள் காயப்போட்ட சேலை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. வேடிக்கையாக மெல்ல மேலே நகர்த்தினேன்.

லயத்துக்குப் பின்னால், மழைத்தண்ணீர் ஓட நான் வாலிபத்தில் வெட்டிய கான். கயிறு பிடித்து வெட்டியது, கங்காணிகூட கோணல் என்று சொன்னதில்லை. அந்தப் பக்கம் கொழுந்து பறிப்பதை விட்டு வருஷமாகிறது, யாரும் ஏறுவதில்லை. கான் நடுவில் துண்டாகி, ஒரு பாதி முழங்கால் உயரம் கீழே இறங்கிக் கிடந்தது. தேயிலை நிரையும் அதே இடத்தில் அறுந்திருந்தது.

கான் அறுந்த இடத்தைத் தம்பிக்குக் காட்டினேன். அதற்கு நேர் கீழேதான் பிள்ளைக் காம்பரா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். என் பேத்தியும் அங்கே இருந்தாள்.

"எனக்கு ஒன்னும் வித்தியாசமா தெரியலையேய்யா" என்றார் தம்பி.

"நான் வெட்டின கான் எனக்குத் தெரியாதா? மலை எறங்குது. வண்டிய எடுங்க."

ஒரு படம் எடுத்துக்கொண்டு, பைக்கில் என்னை ஏற்றினார். பிள்ளைகளைப் பார்க்கும் ஆயாம்மா, "வெயில் அடிக்குது, இப்பப் போயி மலை எறங்குதாம்" என்று சிரித்தாள். கேமராவில் படத்தைக் காட்டினோம். உடனே இரண்டு பிள்ளைகளை இடுப்பில் தூக்கினாள். லயத்து ஆட்களையும் கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் தள்ளி இருக்கிற கோயிலுக்குப் போய்விட்டோம்.

அன்று அந்தியில் கொழுந்து நிறுக்கிற நேரம் மண் வந்தது. பிள்ளைக் காம்பராவின் கூரைத் தகரம் மட்டும்தான் வெளியே தெரிந்தது.

முந்தின நாள் அந்தச் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டவன் நான். அங்கே இருந்து பார்த்தால் மேலே நடப்பது தெரியாது. நீங்கள் ஒன்று செய்யுங்கள். எல்ல ஊர்ப் பக்கம் படம் பிடிக்க வருகிறவர்களைக் கண்டால் சொல்லுங்கள்: அழகான படத்தை எடுத்து முடித்ததும், நெட்டை லென்ஸை மாட்டி, லயத்துக்கு மேலே இருக்கிற மலையை அங்கே வேலை செய்த ஒரு ஆளுக்கு ஒரு தடவை காட்டிவிட்டுப் போகட்டும்.