கந்தோர்ச் சட்டையும் இருபத்தொரு நாளும்

போன மாதம் மூக்குக்கண்ணாடி மாற்ற வவுனியாவுக்குப் போயிருந்தேன். பஸ் நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் கால்கள் தாமாகவே நின்றுவிட்டன. மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, மேலே கண்ணாடி மூடி, உள்ளே வரிசையாக முட்டைகள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனை முட்டைகளும் ஒன்றாக உருண்டு மறுபக்கம் சாய்ந்தன. கடைக்காரர் இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். "கரண்டில போட்டால் தானே புரட்டும் ஐயா. நீங்கள் முந்திக் கோழி வளர்த்தனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி, சும்மா பாத்தனான்" என்றேன்.

பொய்தான். பொய் சொல்வது எனக்குப் பழகிய வேலை. அதிலும் முட்டை விஷயத்தில் நான் சொன்ன பொய் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன், ஆனாலும் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மஞ்சள் பெட்டியில் மண்ணெண்ணெய் வாசம் இல்லை. ஒரு காலத்தில் குஞ்சு பொரிக்க நான் வைத்திருந்த பெட்டியில் அதுதான் முதலில் முகத்தில் அடிக்கும். என் சட்டையில், தலைமயிரில், சாப்பாட்டுப் பொட்டலத்தில்கூட அந்த வாசம் ஏறியிருந்தது. துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு அரச அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். எங்கள் வாயில் அது கந்தோர், நான் கிளாக்கர். மல்லாவிக்கு வெளியே ஒரு ஒழுங்கையில், குறுகிய சிறு தெருவில், வீடு. கந்தோருக்கு இரண்டரை மைல் சைக்கிள் ஓட்டம். அரசாங்க வேலை என்பது என் வாழ்க்கையின் ஒரே சாதனை என்று நானும் நம்பினேன், என் மனைவி பவானியும் நம்பினாள், நான் அந்தச் செத்த பிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவரும் வரைக்கும்.

அது 2003ஆம் ஆண்டு. சண்டை ஓய்ந்து, வவுனியாவிலிருந்து வரும் ஏ9 பாதை திறந்து சாமான்கள் வரத் தொடங்கிய காலம். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த யாரோ அந்தப் பிரிட்ஜைச் சுமந்து வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் கரண்ட் கிடையாது. அதனால் பல வருடமாக அது ஒரு வீட்டில் சேலை வைக்கும் அலுமாரியாக இருந்தது. பிரிட்ஜின் சுவர் தடிப்பானது, சூட்டை வெளியே விடாது. கீழே ஓட்டை போட்டுத் தகரக் குழாய் வைத்து, வெளியே ஒரு மண்ணெண்ணெய் விளக்கைக் கொளுத்தினால் உள்ளே கோழியின் வயிற்றுச் சூடு வரும் என்று கணக்குப் போட்டேன். குளிர வைக்கச் செய்த பெட்டியைச் சூடாக்கப் போகிறேன் என்றதும் பவானி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நெற்றி என்றதும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் நினைவுக்கு வருகிறது. வேறு வெப்பமானி கிடைக்காததால் வீட்டில் இருந்த அதைத்தான் பெட்டிக்குள் வைத்தேன். ஒரு நாள் ஏறிய பாதரசம் அப்படியே நின்றது. ஆகா, என்ன திறமான பெட்டி, சூடு அசையவே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கந்தோருக்குப் போய் வந்தேன். இருபத்தொரு நாள் முடிய நாற்பது முட்டையும் கூழ். கோழி வாங்க வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் ஹனீபா நானாவுக்கு அழாக்குறையாகச் சொன்னேன். அவர் முல்லைத்தீவுக்காரர், 1990இல் முஸ்லிம்களை வெளியேற்றியபோது தன் சனங்களோடு ஊரை விட்டு வெளிக்கிட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவர். அழவேண்டிய விஷயம் எது என்று தெரிந்த மனிதர், ஆகவே விழுந்து விழுந்து சிரித்தார். "கிளாக்கர், காய்ச்சல் கோலை உதறினால்தானே இறங்கும்" என்றார். அடுத்த கிழமை சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

அதற்குப் பிறகு குஞ்சுகள் பொரித்தன. செய்தி ஒழுங்கையைத் தாண்டி மல்லாவிச் சந்தைக்குப் போயிற்று. சனங்கள் ஓலைப்பெட்டியில் தவிடு போட்டு முட்டை கொண்டுவரத் தொடங்கினார்கள். பொரித்ததில் அவர்களுக்குப் பாதி, எனக்குப் பாதி. அதுதான் பேச்சு. ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் சொந்தக்காரரின் பெயர், மறுபக்கம் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, எல்லாம் பென்சிலில். பேனை மை ஓட்டுக்குள் இறங்கும் என்று பயம். புள்ளடி மேலே வந்தால் காலை புரட்டியாயிற்று, பெயர் மேலே வந்தால் மத்தியானம் புரட்டியாயிற்று. பின்னேரம் மறுபடி ஒருமுறை, அடுத்த நாள் குறி மாறிவரும். மத்தியானத்துக்காக நான் கந்தோரிலிருந்து வெயிலில் மிதித்துக்கொண்டு வருவேன். பன்னிரண்டு மணிக்கு நான் எழும்பினால் எங்கள் கந்தோர்ப் பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்ன, புரட்டப் போறீரோ?" என்பார். கோழிக் கிளாக்கர் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது. எனக்கு அதில் வெட்கம் இருந்ததென்று சொன்னால் அது இன்னொரு பொய். கந்தோரில் யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை. வீட்டு வாசல் படலையில் சனம் காத்திருந்தது. இரண்டாவது பிரிட்ஜ் வந்தது, பிறகு மூன்றாவது. பவானி என் நெற்றியைத் தொடுவதை நிறுத்திவிட்டு, முட்டைக்கு முன்னால் ரோச் லைட் பிடித்துக் கரு இருக்கிறதா என்று பார்க்கப் பழகினாள். என்னைவிட அவளுக்குக் கண் கூர்மை.

கடைசி மூன்று நாளைப் பற்றியும் சொல்லவேண்டும். பதினெட்டாம் நாளோடு புரட்டுவதை நிறுத்திவிட வேண்டும். கதவைத் திறக்கக்கூடாது, பெட்டியை அசைக்கக்கூடாது. உள்ளே குஞ்சு திரும்பிப் படுத்து மூக்கை மேலே வைத்துக்கொள்ளும் நேரம் அது. விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவேண்டும்.

2006இல் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. நானாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் அதோடு நின்றது. மண்ணெண்ணெய் அருமைச் சாமான் ஆயிற்று. மூன்று பிரிட்ஜில் இரண்டை நிறுத்தினேன். இருட்ட முன்னமே சாப்பிட்டுப் படுத்து, வீட்டு விளக்கின் எண்ணெயையும் முட்டைக்குக் கொடுத்தோம். அப்போது அது வியாபாரமும் இல்லை. இறைச்சி, மீன் என்று எதுவும் ஒழுங்காக வராத காலத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்து குஞ்சு என்றால் அது ஒரு வருடத்துச் சீவியம்.

அந்த நாட்களில்தான் எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் வந்தது. சண்டை எவ்வளவு கிட்ட வந்துவிட்டது என்று சனங்களுக்கு ஒழுங்காகச் சொல்ல ஆளில்லை. வானொலி ஒன்று சொல்லும், வாய்க்கதை வேறு சொல்லும். ஆகவே அவர்கள் என் சட்டையைப் பார்த்தார்கள். காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நான் சைக்கிளை உருட்டினால் கந்தோர் இருக்கிறது. கந்தோர் இருந்தால் பயப்பட இன்னும் நாள் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்தனுக்கு முதலில் தெரியாமல் போகுமா? வேலியால் எட்டி, "கந்தோர் இருக்கோ தம்பி?" என்று கேட்பார்கள். "ஓம், இருக்கு" என்றால் முகம் தெளிந்து குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். எத்தனையோ முறை இடம்பெயர்ந்த சனம். எப்போது வெளிக்கிடவேண்டும் என்பதில் தங்களுக்குப் பிழைக்காது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது, எனக்கும்.

முன்வீட்டில் தவமணியக்கா. புருஷன் இல்லை. சுதா என்று ஒரு மகள், உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கோழி நோயில் முழுக்கோழியும் செத்து இரண்டே இரண்டு மிஞ்ச, அவை பத்து நாளாக இட்ட பத்தொன்பது முட்டையையும் அக்கா என்னிடம் கொண்டுவந்து தந்தா. அடைகாக்க விடாமல் முழுவதையும் நம்பித் தந்தது அவா ஒருத்திதான். 2008 ஆடி மாதம். பெட்டியில் மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள்.

பதினெட்டாம் நாள் பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். நாளைக் காலை உழவு இயந்திரம் வருகிறது, பதிவேடுகளை ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் போகிறோம், குடும்பத்தையும் ஏற்றும் என்றார். நான் மூன்று நாள் பிந்தி வருகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் நாள் காலை போய்ப் பதிவேடுகளை ஏற்றிவிட்டு வந்தேன். சட்டை முழுக்கப் புழுதி. ஒழுங்கையில் தவமணியக்காவின் தம்பி உழவு இயந்திரத்தோடு நிற்கிறார். இயந்திரத்தை நிறுத்தக்கூட இல்லை. அக்கா படலைக்கு வந்து, அந்தச் சத்தத்துக்கு மேலால் என்னைக் கேட்டா.

"தம்பி, கந்தோர் இருக்கோ?"

"ஓம் அக்கா, இருக்கு" என்றேன்.

"அப்ப ரண்டு நாள் செல்லட்டும். குஞ்சும் பொரிச்சிடும்" என்று தம்பிக்குச் சொல்லிப் பாதிச் சாமானை மட்டும் ஏற்றி அனுப்பினா.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடமாக யோசித்துப் பல பதில் வைத்திருக்கிறேன். கந்தோர் எங்கேயோ இருக்கத்தான் செய்தது, உழவு இயந்திரப் பெட்டியில் குலுங்கிக்கொண்டு போனது என்பது ஒரு பதில். நான் சொன்னால் ஒழுங்கையே வெளிக்கிடும், பிறகு யாருடைய முட்டைக்கு நான் விளக்கு எரிப்பேன் என்பது உண்மையான பதில். படலையில் சனம் காத்திருக்கும் மனிதனாக இன்னும் இரண்டு நாள் இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

பவானி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே வந்ததும், "அவாவுக்குச் சொல்லுங்கோ" என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை வெள்ளைச் சட்டையைப் போட்டேன். போகக் கந்தோர் இல்லை. பழக்கத்தில் போட்டேனா, ஒழுங்கைக்குக் காட்டப் போட்டேனா என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று இப்போது சொல்லும் தைரியம் இருக்கிறது. இரண்டரை மைல் மிதித்துப் போய், விட்டுவிட்டுப் போன கால் உடைந்த கதிரையில் சுவரோடு சாய்ந்து காலை முழுக்க இருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எழும்பினேன், புரட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும். பாதி வழியில் ஷெல் சத்தம் மூன்று கேட்டது. எங்கள் பக்கம்தான் என்று காது சொன்னது. நான் நம்பவில்லை.

தவமணியக்கா கிணற்றடிக்கும் பங்கருக்கும் நடுவில் கிடந்தா. சுதா பங்கருக்குள் இருந்து கூப்பிட்டிருக்கிறாள். அக்கா வாளியை வைத்துவிட்டு வருகிறேன் என்றிருக்கிறா. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் இல்லை. பவானி சுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னேரத்துக்குள் நாலைந்து பேர் சேர்ந்து அக்காவை அவவின் வீட்டு வளவிலேயே அடக்கம் செய்தோம். மண்வெட்டியைக் கழுவி வைக்க வீட்டுக்குள் போனபோது பெட்டிக்குள் ஓட்டைக் கொத்துகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக ஐந்து வருடம் காது கொடுத்தவன் நான். அன்று விளக்கை உதைத்து அணைக்க மனம் வந்தது. அணைக்கவில்லை.

விடிய அறுபத்தேழு குஞ்சுகள். அந்த நிலையிலும் இரண்டு வீட்டுக்காரர் வந்து தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். தவமணியக்காவின் முட்டைகளைத் தனியாகக் கம்பிவலை வைத்துப் பிரித்திருந்தேன். பதினொன்று. பாதி கழிக்காமல் பதினொன்றையும் ஒரு மட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுபோனேன். அக்காவின் தம்பி, சுதாவின் மாமா, திரும்பி வந்திருந்தார். அவள் உழவு இயந்திரத்தில் ஏறியிருந்து பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டாள். மிச்சக் குஞ்சுகள் வெளியே போகட்டும் என்று பிரிட்ஜ் கதவைத் திறந்து விட்டுவிட்டு நாங்களும் சைக்கிளில் வெளிக்கிட்டோம்.

அதற்குப் பிறகு கந்தோர் எல்லா இடத்திலும் இருந்தது. மரத்தின் கீழ், தறப்பாள் கூடாரத்தின் கீழ், யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டிலில். நான் ஒவ்வொரு இடத்திலும் போய்க் கையெழுத்து வைத்தேன். சாகும் சனத்துக்கு நடுவில் வரவுப் பதிவேட்டுக்குக் கோடு போட்டவன் நான்.

2009இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீர்த் தாங்கி வரிசையில் சுதாவைக் கண்டேன். மெலிந்திருந்தாள். மாமாவும் இல்லை என்றாள். குஞ்சுகள் தர்மபுரம் வரைக்கும் வந்தன என்று அவளாகவே சொன்னாள். வரிசை நகர்ந்தது, வாளியைத் தள்ளி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அண்ணை, அண்டைக்குக் கந்தோர் இருந்ததுதானே?"

அவளுடைய முகத்தைப் பார்த்தேன். "ஓம் பிள்ளை, இருந்தது" என்றேன்.

"நானும் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்லுறனான். கந்தோர் இருந்தது, அதாலைதான் அம்மா நிண்டவா. சும்மா நிக்கேல்லை."

மீளக்குடியேறப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. பிரிட்ஜ் மூன்றையும் யாரோ இரும்புக்கு எடுத்துவிட்டார்கள். விளக்கு வைத்த இடத்தில் சுவரில் கரி மட்டும் இருந்தது. அதையும் பவானி சுண்ணாம்பு பூசி மறைத்தாள். ஹனீபா நானா திரும்ப வரவேயில்லை. கந்தோருக்குப் புதுக் கட்டடம், திறக்கும் நேரம் மூடும் நேரம் எழுதிய பலகை. காலையில் நான் எந்தச் சட்டையோடு போனாலும் வேலியால் எட்டிக் கேட்க ஒருவருமில்லை. தவமணியக்காவின் வளவில் பற்றை மூடி, அடக்கம் செய்த இடம் எது என்று எனக்கே மட்டுக்கட்ட முடியவில்லை. சுதாவைத் தேடினேன். கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டாள் என்றார்கள். எந்த நாடு என்று சொல்ல ஆளில்லை.

அவள் அங்கேயும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பாள், அன்றைக்குக் கந்தோர் இருந்தது என்று.