பெண்கள் பக்கத்துக்கு இது போதும்

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுப்பது என் தொழில். காரைக்காலில் இதற்கு எப்போதும் ஆள் தேவைப்படும். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்கள் பலவற்றில் மணப்பெண் இருக்கிற இடத்துக்கு ஆண் புகைப்படக்காரர் போக முடியாது. நான் நெடுங்காட்டுப் பக்கம் நெல் சாகுபடி செய்கிற வீட்டில் பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு டவுனில் ஒரு ஸ்டுடியோவில் பில் போடச் சேர்ந்தேன். ஒரு கல்யாணத்தில் படம் எடுக்க வரவேண்டிய பெண் கடைசி நேரத்தில் வரவில்லை. முதலாளி என் கையில் கேமராவைக் கொடுத்து, "பொத்தான அமுக்கு, மத்தத அது பாத்துக்கும்" என்று அனுப்பினார். அதற்கப்புறம் நான் பில் போடவில்லை.

ஸ்டுடியோவில் மிரர்லெஸ் என்கிற புது வகைக் கேமராக்கள் இரண்டு இருந்தன. ஒன்று ஃபுல் ஃபிரேம். அது எப்போதும் ஆண்கள் பக்கம் போகும், முதலாளியே எடுத்துப்போவார். இன்னொன்று கிராப் சென்சார். அது எனக்கு. கேமராவுக்குள் ஒளி வந்து விழுகிற சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேமில் அது பெரியது. கிராப்பில் அதில் பாதிகூட இருக்காது. நல்ல வெளிச்சத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்வது கஷ்டம். வெயிலில் நிற்கிற ஒருவரை எடுத்தால் முதலாளி படம் எது, என் படம் எது என்று நானே குழம்பியிருக்கிறேன்.

ஆனால் நான் எடுக்கிற இடத்தில் வெயில் கிடையாது. மண்டபத்தில் மேடையும் விளக்கும் ஆண்களுக்கு. பெண்கள் பக்கம் பெரும்பாலும் வீட்டு மாடி அறை. திரைச்சீலை போட்டிருக்கும், ஒரே ஒரு டியூப் லைட் எரியும், கட்டில் மேல் மணப்பெண் உட்கார்ந்திருப்பாள், அவளைச் சுற்றிப் பன்னிரண்டு பேர். எல்லாரையும் ஒரே படத்தில் அடக்கப் பின்னால் நகர்ந்தால் என் முதுகு பீரோவில் இடிக்கும். ஃபுல் ஃபிரேமில் மாட்டுகிற அதே லென்ஸைக் கிராப்பில் மாட்டினால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத்தான் வரும். யாராவது ஒரு சித்தி பாதி முகத்தோடுதான் ஆல்பத்தில் ஏறுவார். ஃபிளாஷ் போட்டால் பச்சை பெயின்ட் அடித்த சுவரில் பட்டு எல்லார் முகமும் பச்சையாகும். ஃபிளாஷ் போடாவிட்டால் படம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி விழும்.

திருமலைராயன்பட்டினத்தில் ஒரு கல்யாணம் முடிந்து ஆல்பம் கொடுக்கப் போயிருந்தேன். மணப்பெண்ணின் உம்மா பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் வந்ததும் புரட்டுவது நின்றது.

"ஏம்மா, இதெல்லாம் போன்ல எடுத்ததா?"

"இல்லங்கம்மா. கேமராதான்."

"அப்புறம் ஏன் எங்க பக்கம் மட்டும் இப்படி இருக்கு? நாங்களும் அதே கல்யாணத்துலதானே இருந்தோம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இருந்தது. அதை எப்படி அவரிடம் சொல்வது?

ஸ்டுடியோவுக்கு வந்து முதலாளியிடம் சொன்னேன். பெண்கள் பக்கத்துக்கும் ஒரு ஃபுல் ஃபிரேம் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. என் குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனவர். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "பொம்பளைங்க பக்கத்துக்கு இது போதும்மா. அந்தப் படத்த யாரு பாக்கப்போறா? வீட்டுக்குள்ளயே பூட்டி வைக்கப்போறாங்க. கனம் இல்லாம இருக்குன்னு சந்தோஷப்படு."

அந்தப் 'போதும்' அடுத்த சில மாதங்களில் எங்கே போனாலும் என் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரரிடம், சொந்தமாக ஒரு கேமரா வாங்கப்போகிறேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு, "கிராப்பே வாங்கேன், உனக்கு அது போதாதா?" என்றார். இணையத்தில் வீடியோக்கள் பார்த்தேன். எல்லா வீடியோவிலும் ஓர் ஆண் கடைசியில் ஒரே மாதிரி முடித்தார்: உங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிராப் போதும். ஒருவேளை உண்மையாக இருக்கலாம். பறவைகளைப் படம் எடுப்பவர்களுக்குக் கிராப்தான் நல்லது, தூரத்தில் இருப்பது கிட்டத்தில் வரும். ஊர் ஊராகத் திரிகிறவர்களுக்கு அதன் எடை நல்லது. ஆனால் அந்த வீடியோவில் இருந்த எவரும் பீரோவில் முதுகு இடித்து நின்றதில்லை. எனக்கு எது போதும் என்பதை என் அறையைப் பார்க்காதவர்கள் எப்படி முடிவு செய்யலாம்?

ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் பேருந்தில் நானும் வீட்டுக்காரரும் பாண்டிக்குப் போனோம். கடையில் ஒரு விற்பனையாளர் வந்தார். கேள்வியெல்லாம் நான் கேட்டேன்; பதிலெல்லாம் அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"மேடம் கைக்கு இது கச்சிதமா இருக்கும் சார்," என்று ஒரு சின்ன கிராப் கேமராவை அவர் கையில் வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. போட்டோகிராபர் அவங்கதான்," என்று வீட்டுக்காரர் அதை என் கைக்கு மாற்றினார். அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன்.

நான் விற்பனையாளரிடம் கேட்டேன்: "உங்க கடையிலேயே சின்ன ரூம் எது?"

"எதுக்கு மேடம்?"

"சொல்லுங்க."

பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கி வைக்கிற அறை ஒன்று இருந்தது. அந்தக் கிராப்பையும் கடையிலிருந்த ஒரு ஃபுல் ஃபிரேமையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அங்கே இரண்டு விளக்குகள். ஒன்றை அணைக்கச் சொன்னேன். விற்பனையாளர், வீட்டுக்காரர், டீ கொண்டுவந்த அம்மா, பில் போடுகிற பெண் எல்லாரையும் பெட்டிகளுக்கு முன்னால் நிறுத்தினேன். டீ கொண்டுவந்த அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றார்.

முதலில் கிராப். ஓரத்தில் நின்ற பில் போடுகிற பெண்ணின் தோள் வெளியே போய்விட்டது. "இதுக்கு அகலமான லென்ஸ் இருக்கு மேடம்," என்று விற்பனையாளர் ஓடிப்போய்க் கொண்டுவந்தார். மாட்டினேன். இப்போது எல்லாரும் அடங்கினார்கள். ஆனால் அந்த லென்ஸ் போதிய வெளிச்சத்தை உள்ளே விடவில்லை. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். டீ அம்மாவின் கன்னம் சொரசொரவென்று இருந்தது. அகல லென்ஸில் ஆட்கள் அடங்கினார்கள், இருட்டு அடங்கவில்லை. பிறகு ஃபுல் ஃபிரேமில் எடுத்தேன். எல்லாரும் இருந்தார்கள். டீ அம்மாவின் மூக்குத்தி தெரிந்தது, அதற்குக் கீழே சிரிப்பை அடக்குகிற உதடும் தெரிந்தது.

"கனமா இருக்கும் மேடம்," என்றார் விற்பனையாளர். முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"இருக்கட்டும். நான் நெல் மூட்டை தூக்கின வீட்டுப் பொண்ணு."

நான் ஒருநாளும் நெல் மூட்டை தூக்கியதில்லை. சொல்லவேண்டும்போல் இருந்தது, சொன்னேன். மூன்று வருடப் பழைய மாடல் ஃபுல் ஃபிரேமும் ஒரே ஒரு லென்ஸும் வாங்கினேன். பேருந்தில் வரும்போது பையை மேலே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து டவுனிலேயே ஒரு நிக்காஹ். கீழே கூடத்தில் ஆண்கள், மாடியில் பெண்கள். என் கேமராவோடு மாடியில் நின்றேன். மணப்பெண்ணின் கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது. அவளுடைய தங்கைகள் அவளைச் சீண்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது முதலாளி போன் செய்தார்.

"உன் ஃபுல் ஃபிரேம கீழ குடுத்து அனுப்பு. இங்க வீடியோவுக்கு இன்னொன்னு வேணும். கிராப்ப மேல அனுப்புறேன்."

"இங்க எடுத்துக்கிட்டு இருக்கேன் சார்."

"அங்க என்ன இருக்கு? நிக்காஹ் இங்கதானே நடக்குது?"

"கல்யாணப் பொண்ணு இங்க இருக்காங்க சார்."

போனை வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மாடிப்படியின் கீழே வந்து நின்றார். மேலே ஏறி வர முடியாது. நான் மேல்படியில் நின்றேன். கழுத்தில் கேமரா தொங்கியது. அவர் கிராப்பை நீட்டிக்கொண்டு நின்றார். இடையில் பதினான்கு படிகள்.

"இறங்கி வாம்மா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுங்க. இது என்னுது. இங்கதான் இருக்கும்."

"அப்ப நாளைலேருந்து கடைக்கு வராத."

"சரிங்க சார்," என்றேன். திரும்பி அறைக்குள் போனேன். பின்னால் யாரோ ஒரு பாட்டி, "என்னவாம் அவருக்கு?" என்று கேட்டார். "கேமரா கேட்டாருங்க, இல்லன்னுட்டேன்," என்றேன். அவர், "நல்லதாப் போச்சு. வா, என் பேத்திகூட என்னைய எடு," என்று தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு அழைப்பும் இல்லை. தினமும் காலையில் கேமராவை எடுத்துத் துடைப்பேன். எடுக்க ஒன்றும் இருக்காது. ஒருநாள் அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. அந்த மாடிவீட்டு மணப்பெண்ணின் மாமியார். தன் மகளுக்கு வளைகாப்பு, "பொம்பளைங்களுக்கு மட்டும், மெமரி கார்டு உங்க கையவிட்டுப் போகக்கூடாது, படத்த நீங்களே திருத்தணும், முடியுமா?" என்றார். மீன் கையோடு முடியும் என்றேன். அந்த வீட்டிலிருந்து இன்னொரு வீடு, அங்கிருந்து பட்டினச்சேரியில் ஒரு மஞ்சள் நீராட்டு. இப்போது மாதத்தில் பாதி நாள் வெளியேதான் இருக்கிறேன்.

முதலாளி போன மாதம் கடைத்தெருவில் ஸ்கூட்டரில் எதிரே வந்தார். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டார். நல்லா இருக்கேங்க என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, பெண்கள் பக்கத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, பழையபடி வந்தால் ஃபுல் ஃபிரேமே தருவதாகச் சொன்னார்.

"நான் வர்றதுன்னா ரெண்டு பக்கத்தையும் நானே எடுப்பேங்க. கீழயும் மேலயும்," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார். எனக்கு மத்தியானம் மண்டபத்தூரில் ஒரு நிச்சயதார்த்தம் இருந்தது. இரண்டு பேட்டரிகளையும் சார்ஜில் போட வீட்டுக்கு நடந்தேன்.