ஆற்றில் இறங்காத முதல் பெயர்

1. மாடிக்கு ஒரு சட்டம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் புள்ளியியல் துறையில் நான் சேர்ந்த அன்றே, வேதியியல் மாணவர் ஒருவர் தீசிஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கணக்கைச் சரிபார்த்ததோடு நிற்காமல், ஆர்வக்கோளாறில் இரண்டு இடத்தில் 'நாங்கள் கணக்கிட்டோம்' என்று திருத்தியும் கொடுத்தேன். மறுநாள் அவருடைய கைடு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இதென்ன சார், நாங்க நீங்கன்னுட்டு? கரைசல் சூடாக்கப்பட்டது, அவ்வளவுதான். யாரு சூடாக்குனான்னு யாரு கேக்கா?"

எங்கள் துறையில் 'நாம்' இல்லாமல் ஒரு நிரூபணம் நகராது. சமூகவியலிலோ 'நான் அங்கே போனேன், அவர்களோடு இருந்தேன்' என்று எழுதாவிட்டால் ஆளையே நம்பமாட்டார்கள். ஒரே கட்டிடத்துக்குள் மாடிக்கு மாடி வேறு சட்டம். அன்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கிற விஷயமில்லை என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று.

2. ஜுலைகாவின் மீன்கள்

ஜுலைகா மேலப்பாளையத்துக்காரர். எங்கள் கல்லூரியின் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்பது ஒவ்வொரு வருடமும் சந்தேகம். பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எந்த இடத்தில் என்ன மீன் மிச்சமிருக்கிறது என்று வருடக்கணக்கில் கணக்கெடுத்தவர் அவர். சாக்கடை கலக்கிற இடத்திலும் இறங்கி நின்று வலை போட்டார். காலில் சிரங்கு ஆறவே இல்லை.

அந்த டேட்டாவோடு என்னிடம் வந்தார். கழிவு கலப்பதற்கும் மீன் அழிவதற்கும் உள்ள தொடர்பைக் காட்ட ஒரு மாடல் போட்டுக் கொடுத்தேன். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் செய்த வேலை. எனக்குக் கெண்டையும் கெளுத்தியும் தெரியும், அதுவும் குழம்பில் கிடந்தால்.

மாடல் புதிது என்பதால் பேப்பர் கணித ஜர்னலில் வந்தது. எங்கள் ஆட்கள் எழுதியவர் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் போடுவார்கள். யார் எவ்வளவு செய்தார் என்று கேட்பதே எங்களுக்குள் அநாகரிகம். என் பெயர் ஆறுமுகம், 'ஏ'யில் தொடங்குகிறது, ஜுலைகா 'இசட்'டில். பேப்பர் வந்த அன்று ஜுலைகா துறை முழுக்க அல்வா கொடுத்தார். வரிசையைப் பற்றி எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

3. ஒரு வரி

நிரந்தரப் பணிக்கு நேர்காணல் வந்தது. வயது வரம்பால் ஜுலைகாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. உயிரியல்காரர்களுக்கு முதல் பெயர்தான் உழைத்த ஆள். முதல் பெயருக்குத்தான் முழு மதிப்பெண். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

தேர்வுக் குழுவில் இருந்த விலங்கியல் துறைத் தலைவரைத் தேடிப் போனேன்.

"அண்ணாச்சி, அந்தப் பிள்ள ஆத்துலயே கெடந்தது எனக்குத் தெரியாதா? வெளிய இருந்து வந்தவங்க பேப்பரத்தான பாப்பாங்க. அதுல உங்க பேருல்லா முன்னால நிக்கி. எங்க ஜர்னல்ல, யாரு என்ன செஞ்சாங்கன்னு கடைசில ஒரு வரி போடுவோம். நீங்க அதுகூட போடலியே."

"எங்க துறையில அப்படி ஒரு வழக்கமே கெடையாது வே."

"அத இப்ப வந்து சொல்லுதியளே. எல்லாம் முடிஞ்சு போச்சு."

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அவரவர் துறையின் வழக்கப்படிதான் எல்லோரும் நடந்திருந்தார்கள். ஜுலைகா அழவில்லை. "விடுங்க சார். வாப்பாட்ட எப்படிச் சொல்லன்னுதான் தெரியல" என்று மட்டும் சொன்னார். இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறார்.

4. அழைப்பு

நான் ஓய்வுபெற்ற பிறகு, ஆற்றுப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று நடத்துகிறவர் போன் செய்தார்.

"சார், தாமிரபரணி மீனப் பத்தி நீங்கதான் பேசணும். உங்க பேப்பரத்தான் எல்லாரும் காட்டுதாங்க."

அந்த ஆள் நான் இல்லை என்று ஜுலைகாவின் பெயரைச் சொன்னேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். பள்ளி ஆசிரியை என்றேன். "அப்ப இப்போதைக்கு உங்க பேரையே போட்டுக்கிடுதோம் சார்" என்று வைத்துவிட்டார்.

வேறு துறைக்காரரோடு சேர்ந்து ஆய்வு செய்யப்போகிற பிள்ளைகளுக்கு இதைத்தான் சொல்லவேண்டும். உங்கள் வழக்கம் அடுத்த மாடியில் செல்லாது. யார் பெயர் எங்கே வரும், அதை அந்தத் துறையில் எப்படிப் படிப்பார்கள் என்று வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். யார் என்ன செய்தார் என்று ஒரு வரி, ஜர்னல் கேட்காவிட்டாலும் எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தப்பியிருக்கும்.

அந்தப் போன் வந்த அன்றே, பள்ளி விடுகிற நேரத்தில் ஜுலைகாவை அழைத்தேன். "நீ வந்து பேசும்மா, நான் அவங்கட்ட சண்டை போட்டாவது உன் பேரப் போட வைக்கேன்" என்றேன். பின்னால் பள்ளிப் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"நீங்களே போயிட்டு வாங்க சார். எங்கங்க என்ன மீனு கெடந்துச்சுன்னு நான் எழுதித் தாரேன்."