இதழ் ஓரத்து நீலம்

அந்த வீட்டில் பட்டப்பெயர் வைக்கிற உரிமை மூத்த பிள்ளைக்கு மட்டும்தான். தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காத தன் மனைவிக்கு அவர் வைத்த பெயர் மெஷின். தம்பி மனைவி எந்நேரமும் காதுக்குப் பின்னால் ஒரு பென்சிலைச் செருகிக்கொண்டு திரிவாள், அவளுக்குப் பென்சில். "நானும் என் தம்பியும் இந்த வீட்ல வெட்டுத்துண்டு. மூலைல கெடக்கோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

மெஷின் தைப்பது பஞ்சுப் போர்வை. இரண்டு வெள்ளைத் துணிக்கு நடுவே மெல்லிய பஞ்சை விரித்து, வெள்ளை நூலால் பூவும் கொடியுமாகத் தைத்துக்கொண்டே போவாள். முன்கூட்டி வரைந்துகொள்கிற பேச்சே கிடையாது. துணியை இரண்டு கையாலும் பிடித்து ஊசிக்கு அடியில் நகர்த்த நகர்த்தக் கொடி வளரும். அது முடிந்ததும் பென்சிலின் மேஜைக்கு வரும். அவள் வண்ணப் பென்சிலால் இதழ் இதழாக நிறம் ஏற்றுவாள். பிறகு, மீடியம் என்று அவர்கள் சொல்கிற பால் போன்ற திரவத்தைத் தூரிகையில் கொஞ்சமாகத் தொட்டு மேலே தடவுவாள். அதிகமானால் நிறம் தையல் கோட்டைத் தாண்டி ஊறிவிடும். அளவாகத் தடவினால், அதுவரை மங்கிக் கிடந்த நிறம் பளிச்சென்று எழுந்துவிடும். காய்ந்ததும் மேலே ஒரு துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி எடுத்தால் வேலை முடிந்தது. அப்புறம் எத்தனை முறை துவைத்தாலும் அந்த நிறம் போகாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கல்யாணமாகி வந்த புதிதில் பென்சில், பெயர்ப்பலகை எழுதுகிற ஒரு கடையில் எழுத்துக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்தவள். ஒரு நாள் பொழுது போகாமல், மூத்தவளான மெஷின் தைத்து வைத்திருந்த தலையணை உறையில் ஒரே ஒரு இலைக்குப் பச்சை ஏற்றிவிட்டாள். "கேக்காம கொள்ளாம கை வெச்சுட்டியே!" என்று மெஷின் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தி முடித்துவிட்டு உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "சரி, மிச்ச இலையெல்லாம் என்ன பாவம் பண்ணிச்சு? அதுக்கும் போடு" என்றாள். அன்று சேர்ந்த கூட்டு. கடைத்தெருவில் கைவேலைப் பொருட்கள் விற்கிற அம்மாள் இவர்கள் போர்வையைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினாள்.

கோளாறு ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. ஒரு இலையின் ஓரம் வளைந்து போக வேண்டிய இடத்தில் நெளிந்து போயிருந்தது. ஊசி மழுங்கியிருக்கும் என்று பென்சில் நினைத்தாள். அடுத்த போர்வையிலும் அதே நெளிவு. அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பார்த்தாள், மூத்தவளின் வலது கையில் டம்ளர் கிடுகிடுவென்று ஆடுகிறது. பென்சில் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அவளாகச் சொல்லவில்லை. பென்சிலும் கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும், ஒப்புக்கொண்டால் தையல் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டிவரும். உறை போட்ட மெஷினுக்கு முன்னால் இந்த மனுஷியை வைத்துப் பார்க்கவே பென்சிலுக்கு மனசு வரவில்லை. அதனால் பூசி மெழுக ஆரம்பித்தாள். கோடு உள்ளே குழிந்த இடத்தில் நிறத்தைக் கோட்டுக்கு வெளியே இழுத்து இதழை நேராக்கினாள். கோடு வெளியே பிதுங்கிய இடத்தில் நிறத்தை முன்னாலேயே நிறுத்தி, மிச்சத்தைப் பின்னணி நிறத்தோடு சேர்த்துவிட்டாள். நூலுக்கும் சேர்த்து நிறம் ஏற்றிவிட்டால் நூல் எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கழுத்து வலிக்கிற வேலை. யாருக்கும் தெரியாத வேலை என்பதில் அவளுக்கு ஒரு ரகசியப் பெருமை.

அப்படியிருக்கும்போதுதான் கடையில் அந்தப் பேச்சு வந்தது. போர்வை வாங்க வந்த ஒரு பெண், "தையலை விடுங்க, இந்தக் கலர் இருக்கே, அடடா!" என்று உருகிப்போனாள். பென்சில் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

மூத்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கலர் யாரு வேணா போடலாம்ங்க. சின்னப் புள்ளைங்க கூட போடும். கோடு போடறதுதான் வேலை" என்றாள்.

கடைக்கார அம்மாள் சிரித்தாள். பென்சிலும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது? ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருடைய கோட்டை யார் தூக்கி நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்! நன்றி வேண்டாம், வாயை மூடிக்கொண்டாவது இருக்கக் கூடாதா?

அடுத்து வந்தது பெரிய போர்வை. கைவேலைக் கண்காட்சியில் வாசலுக்கு நேரே மாட்டப்போகிறேன் என்று கடைக்கார அம்மாள் கேட்டுத் தைக்கச் சொன்னது. நடுவில் ஒரே ஒரு பெரிய பூ. மூத்தவள் அதை எவ்வளவு பாடுபட்டுத் தைத்தாள் என்பது பென்சிலுக்குத் தெரியும். தைப்பாள், நிறுத்துவாள், கையை உதறுவாள், மறுபடியும் தைப்பாள். இவ்வளவுக்கும் பிறகு இதழ் ஓரமெல்லாம் நெளிந்துதான் இருந்தது.

பென்சில் நீலத்தைக் கூராகச் சீவினாள். அன்று அவள் ஒரு இடத்தில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. கோடு எங்கே குழிந்ததோ நீலமும் அங்கே குழிந்தது, எங்கே பிதுங்கியதோ அங்கே பிதுங்கியது. ஓரத்தில் இன்னும் அழுத்தினாள். நூலின் மேல் ஒரு கீற்றுக்கூடப் படாமல் பார்த்துக்கொண்டாள். கோடுதானே வேலை? ஊர் நன்றாகப் பார்க்கட்டும். இதைவிடச் சுத்தமாக அவள் தன் ஆயுளில் நிறம் ஏற்றியதில்லை.

மீடியம் தடவியதும் நீலம் எழுந்தது, நடுக்கமும் கூடவே எழுந்தது. அப்போதே நெஞ்சு பதறியது. அப்போதும் ஒரு வழி இருந்தது, இன்னொரு நீலத்தை எடுத்து ஓரத்தை மூடியிருக்கலாம். அவளோ இஸ்திரிப் பெட்டியைச் சூடுபண்ணினாள். மூத்தவள் ஒரு நாளும் முடிந்த போர்வையைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. மடித்துக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

கண்காட்சிக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். கூடத்தின் உச்சியில் இருந்த விளக்குகளின் வெளிச்சமெல்லாம் அந்தப் பூவின் மேலேயே விழுந்தது. மூத்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவளைக் கடந்து உள்ளே வந்த ஒரு பெரியவர், நல்ல மனிதர், போர்வைக்குப் பக்கத்தில் நின்ற கடைக்கார அம்மாளிடம் கள்ளங்கபடம் இல்லாமல் கேட்டார்.

"அழகா இருக்கும்மா. சின்னப் பசங்க தைச்சதா?"

கடைக்கார அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. மூத்தவள்தான் பதில் சொன்னாள்.

"ஆமாங்க. இப்பதான் பழகறாங்க."

வீட்டுக்கு வந்ததும் மூத்தவள் தையல் மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, உறையை மாட்டினாள். "கண்ணு சரியா தெரியல. கொஞ்ச நாள் சும்மா இருக்கேனே" என்றாள். கணவர் வழக்கம்போல ஏதோ வேடிக்கை பேச வாயெடுத்தார். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. கடகடவென்ற அந்தச் சத்தத்தோடேயே எழுந்து, சமைத்து, சாப்பிட்டுப் பழகியவர்கள். பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட இப்போது பெரிதாகக் கேட்டது. மூத்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பாள். பென்சிலிடம் கோபமாக ஒரு வார்த்தை கிடையாது, குத்தலாக ஒரு பார்வை கிடையாது. திட்டியிருந்தாலாவது தேவலை. பென்சில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். நான்தான் அந்தக் கையை ஊர் முன்னால் தூக்கிக் காட்டினேன், நான்தான், நான்தான் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கும்.

விற்காத போர்வையைக் கடைக்கார அம்மாள் திருப்பி அனுப்பினாள். மூத்தவள் மாடியில் இருந்த நேரம் பார்த்து, பென்சில் அதைக் கொல்லைக் குழாயடிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பிரஷ் போட்டுத் தேய்த்தாள். வெந்நீர் கொண்டுவந்து ஊற்றித் தேய்த்தாள். பஞ்சு நீரைக் குடித்துக் கனத்ததே தவிர நீலம் அசைந்து கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்கும்? ஏற்றியவள் அவளாயிற்றே. விரல் தோல் உரிந்து எரிந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள்.

"விடு. அது போகாது."

மூத்தவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, ஈரப் பூவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரல் ஆடியது. இப்போது ஒளிக்கவில்லை.

"நீ மூடி மூடித்தான் குடுத்துக்கிட்டிருந்தேன்னு எனக்குத் தெரியும். நானும் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். சொல்லிட்டா நிறுத்தணுமேன்னு பயம்."

பென்சில் குனிந்தபடியே போர்வையைப் பிழிந்தாள்.

"இதுல மட்டும் ஏன் விட்டுட்டே?" என்று கேட்டவள், பதில் வருமுன்னே அவசர அவசரமாக, "அன்னைக்கு உனக்கு உடம்பு சரியில்லைல்ல? தலைவலின்னு சொன்ன ஞாபகம்" என்றாள்.

தலைவலி என்று யாரும் சொல்லவில்லை. பென்சில் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் கெஞ்சியது. ஆமாம் என்று சொல்லிவிடேன் என்று கெஞ்சியது. உண்மை நாக்கு நுனியில்தான் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்பதும் தெரிந்தது.

"ஆமாக்கா. ஜுரம். கண்ணே தெரியல" என்றாள்.

மூத்தவள் பெரிதாக மூச்சு விட்டாள். தன் புடவைத் தலைப்பால் பென்சிலின் ஈரக் கையைத் துடைத்துவிட்டாள்.

"நான் எவ்வளவு கேவலமா நெனச்சுட்டேன் தெரியுமா? கடையில நான் பேசின பேச்சுக்குப் பழி வாங்கிட்டியோன்னு. ஜுரத்தோட உக்காந்து எனக்காக வேலை பார்த்த புள்ளைய இத்தனை நாளா மனசுக்குள்ள வெச்சுத் திட்டிக்கிட்டிருந்தேன். என்னை மன்னிச்சுக்கம்மா."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பென்சில் என்ன சொன்னாள் என்கிறீர்கள்?

"பரவாயில்லக்கா" என்றாள்.

மறுநாள் மெஷினின் உறை கழன்றது. இப்போது மூத்தவள் சின்னச் சின்ன வேலையாகத்தான் தைக்கிறாள், பை, தலையணை உறை, குழந்தைப் போர்வை. கோடு முன்னைவிட நெளிகிறது. பென்சில் மூடுகிறாள். கழுத்து வலித்தால் வலிக்கட்டும் என்று, ஒரு இழையைக்கூட விடாமல் மூடுகிறாள்.

கடைக்குப் போனால் மூத்தவள் அவள் தோளில் கை போட்டுக்கொள்கிறாள். யார் வந்து போர்வையைத் தொட்டாலும், வந்தவர் கேட்கிறாரோ இல்லையோ, இவளாக ஆரம்பித்துவிடுகிறாள்.

"கோடு யாரு வேணா போடலாம்ங்க. வேலையெல்லாம் இவளோடதுதான். ஜுரத்துலயும் எனக்காக உக்காந்த பொண்ணு."

பென்சில் கடையின் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தோளின் மேல் அந்தக் கை நடுங்கிக்கொண்டே இருக்கும்.