நாலு நியூட்ரான் கூட

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வரும் கப்பலில், மேல்தளத்து பெஞ்சின் ஓரத்தில் ஒரு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். கழுத்தில் புதுத் தழும்பு. யாராவது அருகில் வந்தால், தண்ணீர் கேனை இடையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவார். தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் விழுங்கியிருந்தார். போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் மூன்று வயது மகள் காத்திருந்தாள்.

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீட்டிலிருந்து முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். இயற்பியல் படிப்பதை யாரிடமும் சொல்லாமல் விடமாட்டேன்; அக்காவிடமும் சொன்னேன்.

"படிச்ச புள்ளதானே, சொல்லு. உப்புல போடுற அயோடின்தானே இதுவும்? போனதும் பாப்பாவத் தூக்கிக்கலாம்ல?"

"பேரு ஒண்ணுதான்க்கா. ரெண்டு அணுக்கருவுலயும் புரோட்டான் அம்பத்திமூணு, அதனால ரெண்டும் அயோடின். ஆனா இதுல நியூட்ரான் நாலு கூட. அதான் கரு நிலையா நிக்காம கதிர வீசுது. டாக்டர் சொன்ன நாள் முடியட்டும்."

அவர் சிரித்தார். "நாலு பேரு கூட வந்து உக்காந்தா எந்த வீடுதான் நிம்மதியா இருக்கும்!"

துறைமுகத்தில் தன் அப்பாவின் கையை உதறிவிட்டு அக்காவின் குழந்தை ஓடி வந்தது. அக்கா சட்டென்று கேனைத் தரையில் வைத்துப் பின்னால் நகர்ந்தார்.

"ருக்கோ! அங்கேயே நில்லு!"

குழந்தை நின்ற இடத்திலேயே வீறிட்டது.

"பாத்தியா, உன் நாலு பேரு பண்ற வேலைய" என்றார் என்னிடம். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

நான் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியாமல் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இன்றும் உப்பு டப்பாவைத் திறந்தால் அந்த அழுகைதான் கேட்கிறது.